நீ எழுதாமல் விட்ட பெயர்

என் கூடப் பிறந்த அண்ணாவுக்கு,

நாலு பேர் முன்னால் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் இத்தனை காலமும் கூப்பிட்டேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் 'நீ, வா, போ'. இனி நீ நாலு பேர் முன்னால் வரப்போவதில்லை. அதனால் இந்தக் கடிதம் முழுக்க 'நீ'தான். படிக்கிறவர்கள் மரியாதை தெரியாத பொம்பளை என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

நேற்று ஆட்டையாம்பட்டி பிரிவு ரோட்டில் உன்னைப் பார்த்தேன். பிளெக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டிருந்தாய். தலையில் பரிவட்டம், நெற்றியில் சந்தனம், பழைய போட்டோவைப் போட்டு வயதைக் குறைத்து, கன்னத்தையெல்லாம் வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 'எங்கள் குலத்தின் வரலாற்றுச் செம்மலே' என்று கொட்டை எழுத்து. அடியில் நம் பங்காளிகள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். செத்தது நீ. ஆனால் அந்த வரிசையில் சுப்பண்ணன் படம் உன் படத்தைவிடப் பெரிசாக இருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை நிறுத்தி இறங்கி அதைக் கிழித்திருப்பேன். நித்யாதான் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க, வண்டியெடுங்க" என்றாள். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. செத்த பிறகு எத்தனை சொந்தம் பார்த்தாயா?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நீ சேலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தினாய். ஆயுசு முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆராய்ச்சி செய்தாய். அது வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்து, கம்பும் சோளமும் கருகி, இந்தச் சேலம், நாமக்கல் சீமையில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்துப்போன பஞ்சம். இன்றைக்கும் பந்தியில் ஒருவன் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டால், தாது வருசத்துல அடிபட்டவனாட்டம் திங்கறான் என்று சிரிக்கிறோம். நாம் சிரிப்பதற்கு அது ஒன்றாவது மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி நீ ஒரே புத்தகத்தை மூன்று தடவை எழுதினாய். மூன்றாவது தடவை எழுதினதுதான் இப்போது சண்டை.

முதல் தடவை எழுதும்போது உனக்கு மீசை கறுப்பு. நம் ஊர் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள் இல்லையா, அதிலிருந்துதான் ஆரம்பித்தாய். முதல் அகப்பை கூழை நம் வீட்டு ஆம்பளைதான் மொண்டு ஊற்ற வேண்டும். பரிவட்டமும் அவனுக்குத்தான். பஞ்சத்தில் நம் முன்னோர் கஞ்சி ஊற்றி ஊரைக் காப்பாற்றினார்கள், அதற்காக ஊர் கொடுக்கிற மரியாதை என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பொழுது சாயும்வரைக்கும் புகை தெரியாது. கூழ் வாங்கவும் வரமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் பெரியப்பா சொல்வார்: "நம்ம ஊட்டுக் கஞ்சியில உசுரு பொழச்ச சனம் சாமி. அந்த நன்றிக்கு அன்னைக்கு வெரதம் இருக்கறாங்க."

நீ அதை அப்படியே எழுதினாய். 'பஞ்சத்தில் கஞ்சி வார்த்த கைகள்' என்று பேரும் வைத்தாய். கீழத்தெருவின் விரதத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினாய். கோயில் வாசலில் வைத்துத்தான் வெளியீடு. பெரியப்பா மேடையிலேயே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம் பரிவட்டம் உனக்குக் கட்டினார்கள். அந்தப் போட்டோதான் இப்போது பேனரில் இருக்கிறது.

இரண்டாவது தடவை கொஞ்சம் தேறினாய். லீவு விட்டால் போதும், சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்துகொண்டாய். வரும்போது பழைய தூசிக்குத் தும்மிக்கொண்டே வருவாய். அண்ணி கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே திட்டுவாள். கலெக்டர் எழுதினது, கவர்னர் எழுதினது, பஞ்சக் கமிஷன் எழுதினது எல்லாவற்றையும் படித்தாய். சனம் சாகும்போதே தானியம் ரயிலேறி வெளியே போயிருக்கிறது. நிவாரண வேலைக்குக் கல்லுடைக்க வந்த எலும்புக்கூடுகளுக்குக் கூலியைக் குறைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாய்: "மழையில்லாம வந்தது வறட்சி, சரசு. பஞ்சம் மழையில்லாம வரல. அத ஆளுங்கதான் பண்ணுனாங்க."

"எந்த ஆளுங்க?" என்றேன்.

"வெள்ளைக்காரன். வேற யாரு?"

இரண்டாம் பதிப்பு முழுக்க அந்தக் கோபம்தான். நல்ல கோபம், நியாயமான கோபம். கீழத்தெருவின் எரியாத அடுப்புக்கும் புது அர்த்தம் கொடுத்தாய். அது நன்றி இல்லையாம், செத்தவர்கள் எல்லோருக்குமான துக்கமாம். பங்காளிகளுக்கு இந்தப் பதிப்பு இன்னும் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும்? பழி கப்பலேறிப் போய்விட்டது, கஞ்சி ஊற்றின புண்ணியம் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

இரண்டு புத்தகத்திலும் பஞ்ச காலத்தில் நம் வீட்டுத் தானியக் குதிர்கள் நிறைந்திருந்தன என்று எழுதியிருக்கிறாய். ஊரே வெறும் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தபோது நம் வீட்டில் மட்டும் எப்படி நிறைந்திருந்தது? அதை நீயும் கேட்கவில்லை, படித்த எவனும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நீ சரித்திர வாத்தியார்.

கடைசியில் கேட்டது விஜயாதான். நாமக்கல்லில் ஒரு நூலகக் கூட்டம். நீ பேசி முடித்ததும், கேள்வி கேட்கலாம் என்றார்கள். பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊர்க் கீழத்தெருவில் பிறந்தவர். நானும் அன்றைக்கு உன்னோடு வந்திருந்தேன், அதனால் அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

"ஏனுங்க ஐயா, மொதல்ல எங்க சனம் நன்றிக்கு வெரதம் இருக்கறதா எழுதுனீங்க. இப்ப துக்கத்துக்கு இருக்கறதா எழுதியிருக்கறீங்க. ரெண்டு தடவையும் எங்கள்ல யாரக் கேட்டீங்க?"

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். மறுபடி போட்டுக்கொண்டாய். கூட்டம் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரையும் கேக்கலைங்கம்மா" என்றாய்.

அந்த ஒரு பதிலுக்காக உன்னை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். மழுப்பியிருக்கலாம், நேரமாகிவிட்டது என்று டீயைக் காட்டியிருக்கலாம். சென்னை வரைக்கும் போய் வெள்ளைக்காரன் காகிதத்தைப் புரட்டினவனுக்கு, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெருவுக்குப் போகத் தோன்றவில்லை. போகவேண்டிய அவசியம் இருக்கிறதென்றே நமக்கு யாருக்கும் தோன்றினதில்லை. அந்தச் சனத்தைப் பற்றி நமக்குத் தெரியும் என்றே இருந்துவிட்டோம்.

அப்புறம் போனாய். விஜயாதான் கூட்டிக்கொண்டு போனார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லையாம். உனக்கு நாற்காலி போட்டுவிட்டு எட்ட நின்றார்களாம். நாலைந்து தடவை போன பிறகு ஒருவர் சொன்னதை என் கோழிப்பண்ணை ஆபீசில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, என்னிடம் சொன்னாய்.

"எங்க ஆளுங்க உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னாங்க. கதவு சாத்தியிருந்துதுங்க. காடு கழனிய எழுதிக் குடுத்துக் கைநாட்டு வெச்சவங்களுக்கு மட்டும் கஞ்சி ஊத்துனாங்க. எழுதிக் குடுக்கக் காடு இல்லாதவங்க அங்கயே சுருண்டு உழுந்துட்டாங்க. அது ஆடி மூணாம் ஞாயித்துக்கெழமைங்க. உங்க கஞ்சியும் வேண்டாம், அன்னைக்கு எங்க அடுப்பும் எரிய வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிப்போட்டாங்க."

நன்றியும் இல்லை, பொதுவான துக்கமும் இல்லை. வருஷா வருஷம் நம் முகத்துக்கு நேராக, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாம் அதற்கு விரதம் என்று பேர் வைத்து, புத்தகம் போட்டு, பரிவட்டம் கட்டிக்கொண்டோம். தூ!

வாய்ப்பேச்சை மட்டும் நம்பி எழுதிவிட மாட்டாய் நீ. ஆதாரம் வேண்டும் என்று மறுபடி அலையக் கிளம்பினாய். உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு நான்தான் சிரித்தேன். "எங்க போறே? நீ உக்காந்திருக்கறது எந்தக் காடு?" என்றேன். சடையங்காடு. அதை அடுத்தது குப்பாயி மேடு. அந்தப் பக்கம் பொன்னான் கிணறு. எல்லாம் நம் வீட்டு நிலம். நம் வீட்டில் எந்தக் காலத்திலாவது ஒரு சடையன் இருந்தானா? ஒரு குப்பாயி இருந்தாளா? தினமும் காலையில், "சடையங்காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நம் அப்பா படியிறங்குவார். அந்தச் சடையன் யார் என்று நாம் ஒருத்தரும் வாய் திறந்து கேட்டதில்லை. கீழத்தெருவில் விஜயாவின் பாட்டன் வழியில் ஒரு சடையன் இருந்திருக்கிறார். குப்பாயியும் பொன்னானும் இருந்திருக்கிறார்கள்.

குதிர் ஏன் நிறைந்திருந்தது என்பதும் எனக்கு ஆராய்ச்சி பண்ணித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. நான் கோழிக்குத் தீவனம் வாங்குகிறவள். மக்காச்சோளம் விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் கையிலிருக்கிற மூட்டையை எவனாவது வெளியே விடுவானா? நானே விடமாட்டேன். அன்றைக்கும் விடவில்லை, அவ்வளவுதான்.

நீ மாறிவிட்டாய். ஆனால் உடனே மாறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் அடுத்த ஆடிக்கு வந்து, தலையைக் கொடுத்துப் பரிவட்டம் கட்டிக்கொண்டு, அகப்பையைப் பிடித்தாய். "ஏண்ணா?" என்று கேட்டதற்கு, "எதுக்கு நல்ல நாள்ல வம்பு" என்றாய். அதற்கு அடுத்த வருஷம்தான் உனக்கு ரோஷம் வந்தது. கூழ் ஊற்றி முடிந்ததும் மைக்கை வாங்கினாய்.

"நாம ஊத்துனது தர்மக் கஞ்சி இல்லீங்க. காட்ட வாங்கிக்கிட்டு ஊத்துன கஞ்சி. இந்த மரியாதை நமக்கு வேண்டாம்" என்று ஆரம்பித்தாய். அதற்கு மேல் மைக்கில் சத்தம் வரவில்லை. சுப்பண்ணன் கண்ணைக் காட்ட, மைக்செட்காரன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அம்மன் பாட்டைப் போட்டான். நீ பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டு நின்றாய். சுப்பண்ணன் நேராக வந்து, உன் தலையிலிருந்த பரிவட்டத்தைத் தன் கையாலேயே அவிழ்த்துக்கொண்டு போனார். நம் பெரியப்பா மகன். சின்ன வயதில் உன்னோடு ஒரே தட்டில் தின்றவர்.

அன்றைக்கு நான் போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்காது. பாட்டுச் சத்தம் அப்படி.

அதோடு கல்யாணப் பத்திரிகை நின்றது, காதுகுத்து அழைப்பு நின்றது. அண்ணியும் போய்ச் சேர்ந்திருந்தாள், பிள்ளையும் இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஏற்காட்டுக்கு ஏறுகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு, புத்தகத்தை மூன்றாவது தடவை எழுதினாய். எழுதி முடித்தாய். முடித்த சூட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

உன் சாவுக்கு எத்தனை கார் வந்தது தெரியுமா? போர்வெல் ரிக் வண்டிக்காரர், லாரிக்காரர், கோயில் கமிட்டி மொத்தமும். யார் யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சுப்பண்ணன் முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் செய்தார். பரிவட்டத்தை அவிழ்த்த அதே கையால் உனக்கு மாலை போட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில் தாடைதான் வலித்தது.

இப்போது ஊர்ச் செய்திக்கு வருகிறேன். கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருக்கிறார்கள். போன வாரம் காலையில் பண்ணையில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். சுப்பண்ணன் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினார். முட்டை அட்டைகளை எண்ணுகிற பெண்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, குடமுழுக்குக்கு வர்ற சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் உங்கண்ணன் புத்தகத்த ஒண்ணொண்ணு குடுக்கலாம்னு கமிட்டியில பேசியிருக்கறோம். அந்த மொதல் புத்தகம். வாரிசுன்னு நீதான இருக்கறே, ஒரு சம்மதக் கையெழுத்து போட்டுக்குடு."

"கடைசியா எழுதுனது இருக்குதுங்களே?"

"அது எதுக்கு? ஒண்டியா இருந்து மனசு கெட்டு எழுதுனது. கம்ப்யூட்டர்லயே கெடக்கட்டும்."

"மனசு தெளிஞ்சு எழுதுனதுங்க அது."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தலையை ஆட்டிக்கொண்டே, தேனொழுகச் சொன்னார்: "ஆவணியில நித்யா கண்ணாலம் வருது. கூடப் பொறந்தவன் போயிட்டான். தாய்மாமன்னு நிக்க இனி நாந்தான அம்மிணி? தட்டு வரிசையோட, மேளத்தோட வந்து மாமன் சீர் செஞ்சுபோடறேன். புள்ளயக் கைப்புடிச்சு மணவறைக்கு நானே கூட்டியாரேன். நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத. நம்ம குடும்பப் பேரு மட்டும் கெட்றக் கூடாது."

புரிகிறதா அண்ணா? கையெழுத்துப் போட்டால் என் மகளுக்கு மாமன் உண்டு. போடாவிட்டால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு குருவிகூட வராது. மணவறையில் மாமன் நிற்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டுச் சனம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புருஷன் இல்லாமல் தனியாகப் பண்ணை நடத்தி, பெண் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் சொல்லி இந்த இடத்தைப் பிடித்தேன். அதுவும் உனக்குத் தெரியும்.

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் கேட்டார். "நீ கோழிக் கொட்டாய் போட்டிருக்கறதும் சடையங்காட்டுலதான? உங்கண்ணன் பங்க உனக்குக் குடுத்தான். அவன் எழுதுனதுதான் நெசம்னா, காட்டத் திருப்பிக் குடுத்துருவியா?"

மனுஷன் சரியான இடத்தில் அடித்துவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்ததா? நிலத்தை எனக்கு எழுதிக் கொடுத்தபோதே உனக்குப் பாதி தெரிந்திருந்ததா, இல்லை தெரியாமலே கொடுத்தாயா? இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்றைக்குச் சாயங்காலம் உன் மூன்றாம் பதிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்கச் சுப்பண்ணன் மேல் இருந்த கோபம் குறைந்து, உன் மேல் ஏறியது. அந்தப் பழைய சண்டைதான். 'பஞ்ச காலத்தில் தானியத்தைக் கைவசம் வைத்திருந்த சிலர், பசித்தவர்களின் நிலங்களைப் பெற்றுக்கொண்டு கஞ்சி வழங்கினர்' என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதி முடித்து என்னிடம் கொடுத்த அன்றே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"யாருண்ணா அந்தச் சிலர்?"

"வரலாறு தனி ஆளப் பத்தினது இல்ல சரசு. அமைப்பப் பத்தினது."

"அப்படியா? வெள்ளைக்காரனுக்கு மட்டும் கலெக்டர் பேரு, கவர்னர் பேரு, அவன் தாத்தா பேருன்னு அத்தனையும் போட்டியே. அவனெல்லாம் அமைப்பு இல்லியா?"

நீ காகிதங்களை அடுக்கினாய்.

"கோயில்ல மைக்கப் புடிச்சு 'நாம'ன்னு சொன்னே. எழுத்துல வந்ததும் 'சிலர்' ஆயிட்டாங்களா?"

கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மேஜை மேல் புத்தகத்தின் மாதிரி அட்டையை வைத்திருந்தாய். அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "அட்டையில என்ற பேரு இருக்குது. உள்ளேயும் அதே பேரு வந்தா..." அதற்கு மேல் சொல்லவில்லை.

நம் வழக்கம் அப்படி. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். நம் தாத்தா, அப்பாரு பெயரை உனக்கு வைத்தார்கள். அப்பாருவுக்கு அவருடைய அப்பாரு பெயர். பஞ்சத்தில் தானியக் குதிர்களை நிரப்பி வைத்துக்கொண்டு, வாசல் கதவைச் சாத்தின அந்த மனுஷன் பெயர் மாரப்பன். நீயும் மாரப்பன். சின்ன வயதில் உன்னைக் கூப்பிடும்போதெல்லாம், "அந்த மகராசன் பேரு வெச்சவன்" என்று பெரியப்பா பூரித்துப்போவார். பஞ்சத்தை ஆளுங்கதான் பண்ணினாங்க என்று கண்டுபிடித்தவனுக்கு, அந்த ஆள் தன் பெயரில் இருப்பதை எழுதக் கை வரவில்லை.

எனக்குப் புரிகிறது. புரிகிறதே தவிர மன்னிக்க முடியவில்லை. நன்றி என்று எழுதினாய், தப்பு. துக்கம் என்று எழுதினாய், அரைகுறை. மூன்றாவது தடவை உண்மைக்குப் பக்கத்தில் வந்து, கடைசி வார்த்தைக்கு முன்னால் நின்றுவிட்டாய். இன்னும் ஐந்து வருஷம் இருந்திருந்தால் எழுதியிருப்பாயோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் நீ மாறுவதற்கு அத்தனை வருஷம் ஆனது. அதுவரைக்கும் கீழத்தெருக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே?

நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கல்யாணம், அவளிடம் கேட்காமல் என்ன செய்வது? மாமன் இல்லாமல் மணவறைக்கு எப்படிப் போவாய் என்றேன். "எனக்குக் கால் இருக்குதும்மா, நடந்து போறேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள் அவள். மாமன் என்றால் அவளுக்கு நீதான்.

விஜயாவுக்கும் போன் செய்தேன். புத்தகத்துக்கு முன்னால் நான் ஒரு பக்கம் எழுதப்போகிறேன், சடையன், குப்பாயி, பொன்னான் பெயர்களைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கக்கா. ஆனா வெளியீடு, மேடை, சால்வைன்னு எங்களக் கூப்புட்டு உக்கார வெக்காதீங்க" என்றார். சரி என்றேன். அவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

நேற்று அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு வந்த கையோடு சுப்பண்ணனைக் கூப்பிட்டேன். முதல் புத்தகத்துக்குக் கையெழுத்து இல்லை, மூன்றாவதை நானே சேலத்தில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "அப்ப மாமன் இல்லாத கண்ணாலந்தான் உம்மவளுக்கு" என்றார். "ஆமாங்க" என்றேன். நானே போனை வைத்தேன்.

உன் எழுத்தில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. உன் 'சிலர்' சிலராகவே இருக்கட்டும். அது நீ வந்து நின்ற இடம், அதை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. முன்னால் வருகிற பக்கம் மட்டும் என்னுடையது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்த நூல் சொல்லும் சிலரில் ஒருவர், நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றியவர், எங்கள் அப்பாருவின் அப்பாரு மாரப்பன். இதை எழுதிய என் அண்ணன் அவர் பெயரைத் தாங்கியவர். சடையன், குப்பாயி, பொன்னான் ஆகியோரின் நிலத்தில் நாங்கள் இன்றும் பிழைக்கிறோம். அதில் என் கோழிப்பண்ணையும் சேர்த்தி.'

மாரப்பன் என்றால் இனி ஊருக்கு மகராசன் ஞாபகம் வராது. பேனரில் சிரிக்கிற செம்மலும் ஞாபகத்துக்கு வரமாட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும், கதவைச் சாத்தின மாரப்பனா, அதை எழுதின மாரப்பனா என்று. இரண்டு பேரும் ஒரே வீடு என்று யாராவது பதில் சொல்லவேண்டி வரும். ஊரே கூடி உன் பெயரைக் காப்பாற்ற நிற்கிறது அண்ணா. என் மகள் கல்யாணத்தை வைத்துச் சொல்கிறேன், அந்தப் பெயரை நான் கெடுத்தே தீருவேன்.

மாமன் இல்லாத மணவறைக்கு மகளை அனுப்பப் போகிற,
உன் கூடப் பிறந்தவள்,
சரசு